வண்டிக்கு அடியில்

கயிறு கட்டி இழுத்து வந்த அந்தப் பிக்கப் வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே அதன் பின்பக்கத்திலிருந்து ஒரு தகரத் துண்டு கழன்று தெருவில் விழுந்தது. கணவன் ஓடிப்போய் அதைப் பொறுக்கி, சட்டையில் துடைத்து, பத்திரமாக வண்டிக்குள் வைத்தான். சமையலறை ஜன்னலில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததா நீலமாக இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. கோழிப் பண்ணை ஒன்றின் பின்புறம் பல வருடம் மழையிலும் வெயிலிலும் நின்றிருந்தது. டிரைவர் பக்கத்துக் கதவைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால், கால் வைக்கிற இடத்தில் தரை தெரிந்தது. வண்டியின் தரை அல்ல, முற்றத்தின் சிமெண்டுத் தரை.

"இரும்பு விலைக்குக் குடுத்துட்டான். அதிர்ஷ்டம்தான்," என்றான்.

"இரும்பு எங்க இருக்கு இதுல? துருதானே இருக்கு?"

"துருவைச் சுரண்டினா உள்ள இரும்பு இருக்கும்."

அவன் வாஷிங்மெஷின் பழுது பார்ப்பவன். மற்றவர்கள் தூக்கிப் போட்ட மெஷின்களை வாங்கி வந்து, இரண்டிலிருந்து ஒன்றை உருவாக்கி விற்பான். கையில் எடுத்த எதையும் செத்துப்போனதாக ஒப்புக்கொள்ள மாட்டான். ஆனால் மெஷின்களை ஏற்றி இறக்க வாடகை வண்டிக்காரனின் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அவன் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை. சொந்தமாக ஒரு வண்டி வேண்டும், புது வண்டிக்கு வழியில்லை, ஒர்க்ஷாப்பில் விட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே செய்துகொள்வது என்று முடிவு செய்திருந்தான்.

அவள் மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். மருந்துச் சீட்டை மூன்று முறை படிப்பாள். "எங்க வீட்டு பயந்தாங்கொள்ளி" என்று அவன் எல்லோரிடமும் பெருமையாகவே சொல்லுவான். அவளும் சிரித்துக்கொள்வாள். பயப்படாதவனுக்கும் சேர்த்து வீட்டில் யாராவது ஒருவர் பயப்படத்தானே வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் வேலையை ஆரம்பித்தான். முதலில் வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும், பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குகளின் போல்ட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும் என்பது திட்டம். வண்டியின் இருக்கைக்கு அடியில் கிடந்த ஒரு சின்ன ஜாக்கை எண்ணெய் விட்டு உயிர்ப்பித்திருந்தான். அது மூச்சு வாங்கிக்கொண்டு வண்டியின் பின்புறத்தை ஒரு பக்கமாகத் தூக்கியது. பிறகு மறுபக்கம். மாடியில் குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் மதில் கட்டி மிச்சம் வைத்திருந்த கற்களை, நடுவில் ஓட்டை உள்ள சிமெண்டுக் கற்களை, இரண்டிரண்டாக அடுக்கி வண்டியின் சட்டத்துக்கு அடியில் இரு பக்கமும் முட்டுக் கொடுத்தான். பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினான். வலது சக்கரத்தின் டயர் கிழிந்து தொங்கியது. அதை உருட்டிக்கொண்டு தெருமுனை பஞ்சர் கடையில் போட்டுவிட்டு வந்தான். இடது சக்கரம் சுவரில் சாய்ந்து கிடந்தது.

"இந்தக் கல்லு தாங்குமா?" என்று அவள் கேட்டாள்.

"வீட்டையே தாங்குது. வண்டியைத் தாங்காதா?"

அவளுக்குப் பயம் போகவில்லை. கற்களைக் குனிந்து பார்த்தாள். எழுந்து வண்டியைப் பார்த்தாள். பிறகு அந்த இடது சக்கரத்தைப் படுக்கப் போட்டு, காலால் தள்ளித் தள்ளி, பின் அச்சின் இடது முனைக்கு அடியில் நகர்த்தினாள்.

"என்ன பண்ற?"

"சும்மா கெடக்கட்டும்."

"சக்கரத்துக்குப் பாய் விரிச்சுப் படுக்க வைக்கிறியா? எனக்குக் காலை நீட்ட இடம் வேணும்."

"வலது பக்கமா நீட்டிக்கோங்க."

அவன் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு கோணியை விரித்து, மல்லாந்து படுத்து, குதிகாலால் உந்தி உந்தி உள்ளே போனான். இடுப்புவரை மறைந்தான். பிறகு முழங்கால்வரை. கடைசியில் அவளுக்குத் தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டுமே.

உள்ளிருந்து குரல் வந்தது. "பரவாயில்லை, நினைச்ச அளவுக்கு மோசமில்லை." கொஞ்சம் கழித்து, "ஐயோ." அதற்கும் கொஞ்சம் கழித்து, "சரி, இதை ஒட்டிக்கலாம்."

அவள் பக்கத்தில் குந்தியிருந்து கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். போல்ட் அசையவில்லை. தட்டிப் பார்த்தான், எண்ணெய் விட்டான், திட்டினான். பிறகு ஸ்பேனரின் வாலில் மாட்டி நெம்புவதற்கு ஒரு நீளக் குழாய் கேட்டான். அவள் தேடி எடுத்து நீட்டினாள்.

"ரொம்ப இழுக்காதீங்க. வண்டி ஆடுது."

"ஆடட்டும். ஆடினாத்தான் கழலும்."

அவன் இழுத்தான். வண்டி ஒரு தடவை முன்னும் பின்னும் அசைந்தது. மறுபடி இழுத்தான்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ரஸ்க்கைக் கடித்தது போல இருந்தது. இடது பக்கத்துக் கல் அப்படியே பொடியாகி உட்கார்ந்தது. வண்டி அந்தப் பக்கமாகச் சரிந்து இறங்கியது. துருத்தூள் புகை போல எழும்பி அவள் கண்ணில், வாயில் விழுந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

இரண்டு பாதங்களும் அசையாமல் இருந்தன.

"ஏங்க."

பதில் இல்லை. அவளுக்குக் குரல் வெளியே வந்ததா என்பதே சந்தேகமாக இருந்தது. "ஏங்க!" என்று மறுபடி கூப்பிட்டாள்.

"ம்."

அவள் தரையில் குப்புற விழுந்து உள்ளே பார்த்தாள். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போலப் பருத்திருக்கும் பகுதி அவன் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. அச்சின் இடது முனை அவள் தள்ளி வைத்த சக்கரத்தின் மேல் இறங்கி நின்றது. அந்தச் சக்கரம் இல்லாவிட்டால் என்று அவள் நினைக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"மூச்சு... வெளிய போகுது. உள்ள வரமாட்டேங்குது," என்றான். அவன் முகம் அவள் பார்த்தறியாத ஒரு நிறத்தில் இருந்தது.

"பேசாதீங்க. அசையாதீங்க. இதோ."

இதோ என்றால் என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் வலது பக்கத்தைப் பார்த்தாள். அங்கே முட்டுக் கொடுத்திருந்த கற்கள் இன்னும் நின்றன. ஆனால் மொத்த பாரமும் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அடிக்கல்லில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அதிலிருந்து, சலித்த மாவு விழுவது போல, சாம்பல் நிறப் பொடி விடாமல் உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கல்லும் போனால் அச்சின் வலது முனை தரை வரைக்கும் இறங்கும். அவன் நெஞ்சுக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச இடமும் இருக்காது.

வீட்டுக்குள் ஓடினாள். சார்ஜில் கிடந்த போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். மறுமுனையில் பேசிய பெண் நிதானமாக முகவரி கேட்டாள், அடையாளம் கேட்டாள், வண்டி கிளம்பிவிட்டது, அவரை இழுக்காதீர்கள் என்றாள். "சீக்கிரம் வரச் சொல்லுங்க, கல்லு உடையுது," என்று அவள் சொன்னதை அந்தப் பெண் எப்படிப் புரிந்துகொண்டாளோ தெரியாது.

முற்றத்துக்கு வந்து மாடியைப் பார்த்துக் கத்தினாள். மாடிக்காரருக்குக் காது மந்தம். டிவி தெருவுக்கே கேட்கும்படி அலறிக்கொண்டிருந்தது. உடைந்த கல்லில் ஒரு துண்டை எடுத்து அவர் ஜன்னலைக் குறிபார்த்து எறிந்தாள். கண்ணாடி நொறுங்கியது.

"எந்தக் கழுதைடா அது?" என்று மாடிக்காரர் பனியனோடு பால்கனிக்கு வந்தார். கீழே பார்த்தார். வாய் திறந்தபடியே நின்றது. பிறகு படியில் அவர் இறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டது.

அவருக்காக அவள் காத்திருக்கவில்லை. சுவரோரம் கணவன் பிரித்துப் போட்ட மெஷின்களின் குப்பை கிடந்தது. அதில் வாஷிங்மெஷின் ஆடாமல் இருப்பதற்காக உள்ளே பொருத்தியிருக்கும் கான்கிரீட் கட்டிகளும் இருந்தன. ஓட்டை இல்லாத, கெட்டியான கட்டிகள். எதற்கும் உதவாது, தூக்கிப் போடுங்கள் என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். இடுப்பில் ஏதோ பிடித்தது. வலது பக்கமாகப் போய் அச்சின் முனைக்கு அடியில் அதைத் தள்ளினாள். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. கையை மட்டும் நீட்டித் தள்ள முடியவில்லை. தலையையும் தோளையும் வண்டிக்கு அடியில் நுழைக்க வேண்டியிருந்தது. பொடி அவள் கழுத்தில் விழுந்தது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த விரிசல் அகலமாவது தெரிந்தது.

கட்டிக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி மிச்சமிருந்தது. இன்னொரு கட்டி அதில் நுழையாது. சமையலறைக்கு ஓடி, காய் நறுக்கும் பலகையை எடுத்து வந்தாள். மதியம் நறுக்கிய வெங்காயத்தின் மணம் அதில் இன்னும் இருந்தது. அதை இடைவெளியில் செருகி, சுத்தியால் அடித்தாள். ஒரு அடி. இரண்டு அடி. பலகை இறுகி உள்ளே போனதும் கையை இழுத்துக்கொண்டாள்.

கல் உடைந்தது.

வண்டி பலகையின் மேல் இறங்கி, கிறீச்சிட்டு, நின்றது. ஒரு விரல் அகலம்கூட இறங்கியிருக்காது. ஆனால் உள்ளே அவன் எழுப்பிய சத்தத்தை அவள் அதற்கு முன் எந்த மனிதனிடமிருந்தும் கேட்டதில்லை.

மாடிக்காரர் அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "என்னம்மா பண்ணணும்? சொல்லும்மா!"

"இவரைப் பாத்துக்கோங்க. சின்ன ஜாக் அடியில சிக்கிடுச்சு. நான் போய் வேற ஜாக் கொண்டு வரேன்."

"என்னது?"

"ஜாக்! பஞ்சர் கடை!"

அப்போது உள்ளிருந்து கணவன் பேசினான். "போகாத."

அவள் குனிந்தாள்.

"போகாத. இங்கயே இரு." எப்போதும் அவளைக் கேலி செய்யும் குரல் அது இல்லை. காய்ச்சலில் கிடக்கும் சின்னப் பிள்ளையின் குரல்.

"இதோ வந்துடறேன்."

"நீ வர்றதுக்குள்ள..."

"ஒண்ணும் ஆகாது. ஐயா பக்கத்துல இருக்காரு."

"போகாதடி."

அவள் எழுந்தாள். அவனுடைய பாதம் ஒன்று மெல்ல அசைந்தது, அவளைத் தேடுவது போல. அதைத் தொட்டால் தன்னால் போக முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. தொடாமல் ஓடினாள்.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. எல்லா வீடும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய ஒரு செருப்பு எங்கோ கழன்றது. தார் சுட்டது. ஓடும்போதெல்லாம் காதைப் பின்பக்கம் வைத்திருந்தாள். அந்த ரஸ்க் கடிக்கும் சத்தம் மறுபடி கேட்டுவிடுமோ என்று. ஆனால் அவள் செருப்பின் சத்தத்தையும் மூச்சின் சத்தத்தையும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பஞ்சர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்கு அடியில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் அவள் ஓட்டம் நின்றது. அப்புறம்தான், கடைக்காரர் உள்ளே படுத்துத் தூங்குகிறார் என்பது மண்டையில் ஏறியது. பாதத்தைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னிக்கு லீவு. காத்து நாளைக்குத்தான்," என்றது ஷட்டருக்குள்ளிருந்து குரல்.

"அண்ணே. ஜாக். வண்டிக்கு அடியில அவரு."

அதற்கு மேல் அவரை எழுப்ப வேண்டியிருக்கவில்லை. சக்கரம் வைத்த பெரிய ஜாக்கை இழுத்துக்கொண்டு அவர் முன்னால் ஓடினார். இரும்புச் சக்கரங்கள் சாலையில் கடகடவென்று அதிர்ந்ததில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது.

முற்றத்தில் மாடிக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். கன்னம் தரையில் பதிந்திருக்க, கையை உள்ளே நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். "பேசிட்டே இருப்பா! எனக்குக் கேக்கலைன்னாலும் பேசு!"

"உயிரோட இருக்காரா?" என்று கேட்டாள்.

"கையை நசுக்கறான். இருக்கான்."

பஞ்சர் கடைக்காரர் இடது பக்கத்தில் வண்டியின் சட்டத்துக்கு அடியில் ஜாக்கை வைத்துக் கைப்பிடியை அழுத்தினார். ஜாக்கின் தலை உயர்ந்தது. சட்டத்தைத் தொட்டது. வண்டி உயரவில்லை. சட்டம் நொறுங்கியது. துருப்பிடித்த இரும்பு காய்ந்த சருகு போலப் பொடிந்து, ஜாக்கின் தலை அதற்குள் ஏறிக்கொண்டே போனது. வண்டி ஒரு குலுக்கு குலுங்கியது. உள்ளே அவன் அலறினான். பிறகு அலறலும் நின்றுபோனது.

பஞ்சர் கடைக்காரர் கையை எடுத்துவிட்டார். "என்னால முடியாது தங்கச்சி. எங்க வச்சாலும் பொத்துக்கிட்டுப் போகுது. நான் தொட்டு உயிர் போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"அச்சுக்கு அடியில வைங்க."

"அது உள்ள இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. அவரு மேல பட்டுடும்."

"நான் உள்ள போய்ப் பாத்துச் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முடியாது என்று யாராவது தடுத்திருந்தால் அவள் நின்றிருப்பாள். யாரும் தடுக்கவில்லை. இடது பக்கமாகப் படுத்து, சக்கரத்துக்கும் அவன் விலாவுக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் தலையைக் கொடுத்தாள். கணவனின் கண்கள் மூடியிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கின் அருகே விரலை வைத்தாள். ஏதோ ஒரு நூலிழை ஓடிக்கொண்டிருந்தது.

"தள்ளுங்க. இன்னும். இன்னும் கொஞ்சம். என் பக்கம். நிறுத்துங்க." ஜாக்கின் தலையைத் தன் கையாலேயே பிடித்து அச்சின் குழாய்க்கு நேராகத் திருப்பி வைத்தாள். "ஏத்துங்க."

ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த இடமும் நொறுங்கும் என்று காத்திருந்தாள். நொறுங்கவில்லை. அச்சு முனகியது, சக்கரத்தை விட்டு மேலே எழுந்தது. மாடிக்காரர் ஒவ்வொரு கட்டியாக உள்ளே தள்ளினார். கணவன் திடீரென்று, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் போல, ஒரு பெரிய மூச்சை இழுத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் முதல் தடவையாக அழுதாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். ஸ்ட்ரெச்சர் பலகை ஒன்றைச் செருகி அவனை வெளியே எடுத்தார்கள். அவளையும் எடுக்க வேண்டியிருந்தது. கால் மரத்துப்போயிருந்தது.

விலா எலும்புகள் சில உடைந்திருந்தன. கழுத்தெலும்பும். ஒரு எலும்பு நுரையீரலைக் கீறியிருந்தது. பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

அவனுடைய அக்கா மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். தம்பியைப் பார்த்து அழுதாள். வெளியே வந்து நாத்தனாராக மாறினாள்.

"அவன்தான் கூறு கெட்டவன். நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்தியா? வேண்டாம்னு சொல்லத் தெரியாதா உனக்கு? எல்லாத்துக்கும் பயப்படுவியே!"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதே கேள்வியைத்தான் அவளும் இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். தாங்குமா என்று கேட்டோமே, தாங்காது என்று ஏன் சொல்லவில்லை? திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலிலிருந்து கணவன் கையைத் தூக்கிக் காட்டினான். அக்கா உள்ளே போனாள்.

"அவளைத் திட்டாத," என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் வலித்தது. "அவ சக்கரம் வைக்கலன்னா நீ என்னைப் பாக்க வந்திருக்க மாட்ட. தூக்கத்தான் வந்திருப்ப."

மத்தியானம் நாத்தனார் சாப்பாடு வாங்கி வந்து, முதலில் அவளைத்தான் சாப்பிட வைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது முடியவில்லை. கணவனால் மல்லாந்து படுக்க முடியவில்லை. வலி ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. கூரை இறங்கி வருகிறது என்று திடுக்கிட்டு எழுந்தான். போர்வை மார்பில் பட்டால் உதறினான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினான். அவளைக் கேலி செய்வதும் நின்றுபோனது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

வண்டி முற்றத்தில் அப்படியே நின்றது. பஞ்சர் கடைக்காரரின் ஜாக் இன்னும் அதற்கு அடியில் இருந்தது. அதை உருவ அவருக்கும் தைரியம் இல்லை, கேட்க இவர்களுக்கும் வாய் வரவில்லை. மாடிக்காரர் மதிலோடு மதிலாக, முதுகைத் தேய்த்துக்கொண்டு வண்டியைக் கடந்து போனார். பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியே அவளுக்கு அது தெரியும். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் மிருகம் போல. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கழுவினாள்.

பழைய இரும்பு வாங்குகிறவரை அவளே வரவழைத்தாள். அவர் வண்டியைச் சுற்றி வந்து, ஜாக்கைப் பார்த்து, கட்டிகளைப் பார்த்து, பலகையைப் பார்த்தார்.

"கீழ இறக்கிக் குடுங்கம்மா. எடுத்துட்டுப் போறேன்."

"இறக்க ஆள் இருந்தா நான் ஏங்க உங்களைக் கூப்பிடறேன்?"

அவர் போனவர் போனவர்தான்.

எலும்புகள் கூடி, கணவன் கையைத் தோளுக்கு மேல் தூக்க ஆரம்பித்திருந்த நாட்களில், ஒரு காலையில் முற்றத்திலிருந்து கரகரவென்று சத்தம் கேட்டது. அவள் பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடினாள். அடுப்பை அணைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் தடவையாக இருக்கலாம்.

கணவன் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, கம்பி பிரஷ்ஷால் வண்டியின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். கை எட்டும் தூரத்துக்கு மேல் ஒரு அங்குலம்கூடக் கிட்டப் போகவில்லை.

"யாரைக் கேட்டு இதைத் தொட்டீங்க?"

"கதவைத்தானே தொட்டேன்."

"எடுத்துத் தூரப் போடுங்க அந்த பிரஷ்ஷை. நான் இன்னொரு தடவை அப்படி ஓட மாட்டேன். சொல்லிட்டேன். என்னால முடியாது."

அவன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். அவளைப் பார்க்கவில்லை. "கண்ணை மூடினா இதுக்கு அடியிலதான் கெடக்கேன். தினமும். பகல்லயாவது வெளிய உக்காந்து பாக்கறேனே."

அவளுக்கு அதற்குமேல் சண்டை போட வரவில்லை. பால் பொங்கி வழிந்த நாற்றம் வந்தது. உள்ளே போய் அடுப்பைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே யோசித்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்பான். அவள் வேலைக்குப் போகும்வரை கேட்பான். பிறகு ஒரு நாள், யாரும் இல்லாத நேரத்தில், தன் பயத்தைப் பார்த்துவிடுகிறேன் என்று தனியாக உள்ளே போவான்.

வெளியே வந்தாள். "இரும்பு ஸ்டாண்ட் வாங்கணும். நாலு. வெல்டர்கிட்ட சொல்லிச் செய்யணும். அது வர்ற வரைக்கும் கதவைத் தவிர எதையும் தொடக்கூடாது. நான் இல்லாதப்ப கதவையும் தொடக்கூடாது."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

வெல்டர் தடித்த குழாய்களை வைத்து நான்கு ஸ்டாண்டுகள் செய்து கொடுத்தார். பஞ்சர் கடைக்காரர் வந்து, மனசுக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் தூக்கி, அச்சுக்கு அடியிலும், தட்டிப் பார்த்துக் கெட்டியாக இருந்த சட்டத்துக்கு அடியிலும் அவற்றை நிறுத்தினார். தன் ஜாக்கை உருவிக்கொண்டதும் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிப் பார்த்தார்கள். மாடிக்காரரும் வந்து ஒரு தள்ளு தள்ளினார். அசையவில்லை. அவள் திருப்தியாகாமல், கடையிலிருந்து திரும்பி வந்திருந்த வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் படுக்கப் போட்டு உள்ளே தள்ளினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

பஞ்சர் கடைக்காரரும் மாடிக்காரரும் போன பிறகு கணவன் கோணியை விரித்தான். உட்கார்ந்தான். ஒரு கையை ஊன்றி மெதுவாகச் சாய்ந்து, தலையை வண்டிக்கு அடியில் கொண்டுபோனான். மூக்கு உள்ளே போயிருக்கும். அவ்வளவுதான். அவன் உடம்பு முழுவதும் விறைத்தது. வெளியே உருண்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குமட்டினான். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"நாளைக்குப் பாக்கலாம்," என்றான். பிறகு, "இல்லைன்னா வித்துடலாம்," என்றான். அவன் எதையும் அப்படி விட்டுக்கொடுத்து அவள் பார்த்ததில்லை.

அவள் டார்ச்சை எடுத்தாள். சின்னச் சுத்தியை எடுத்தாள். தலைமுடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு கோணியில் உட்கார்ந்தாள்.

"என்ன பண்ற நீ?"

"எங்க எங்க பொத்தல்னு பாக்கணும்தானே? பாத்துச் சொல்றேன். நீங்க வெளியில சாக்பீஸால குறிச்சுக்கோங்க."

"வேண்டாம். வெளிய வா. சொன்னாக் கேளு."

"ஸ்டாண்ட் தாங்கும். நீங்கதானே இப்பத் தள்ளிப் பாத்தீங்க?"

"அதெல்லாம் தெரியாது. நீ போகாத."

அன்றைக்கு அவளைத் தடுத்ததும் அதே வார்த்தைதான். அவள் மல்லாந்து படுத்தாள். நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் தன் இதயம்தான் வண்டியை ஆட்டுகிறதோ என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு குதிகாலால் உந்தினாள். கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு மேலே துரு படிந்த அந்த அச்சு இருந்தது. குளிர்ந்த எண்ணெயும் மண்ணும் கலந்த வாசனை. வெளியே அவன் அவளுடைய கணுக்காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வலித்தது. விடச் சொல்லவில்லை.

சுத்தியால் சட்டத்தைத் தட்டினாள். டண் என்றது.

"இது நல்லா இருக்கு."

இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினாள். டண். அடுத்த இடத்தில் தொப் என்று சத்தம் செத்து விழுந்தது, துருத்தூள் கன்னத்தில் கொட்டியது.

"இங்க பொத்தல். பெட்ரோல் டேங்குக்குப் பின்னாடி. கையகலம்."

வெளியே சாக்பீஸ் உராயும் சத்தம். ஒரு கை கணுக்காலை விட்டு, குறித்துவிட்டு, அவசர அவசரமாகத் திரும்பி வந்து பிடித்துக்கொண்டது.

அப்போது க்றீச் என்று எதுவோ முனகியது. அவள் சுத்தியை நிறுத்தினாள். வெளியே அவன் மூச்சை நிறுத்தியது உள்ளே கேட்டது. கணுக்காலில் அவன் விரல்கள் எலும்பு வரை அழுந்தின.

"என்னப்பா, மழை வரும் போல இருக்கே!" என்று மாடிக்காரரின் குரல் முழங்கியது. தெருவுக்குப் போவதற்காக கேட்டைத் திறந்திருக்கிறார்.

அவள் மெல்ல மூச்சை விட்டாள். டார்ச் வெளிச்சம் அச்சின் மேல் தடுமாறி ஓடியது. அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அங்க இருக்கியா?" என்றான் அவன்.

"இருக்கேன். அடுத்து எங்க தட்டணும்?"